தொல்கனாயின் கீழ்க்குரல்

"தொல்கனாயோட மூச்சுச் சத்தம்கூட இந்த ஆல்பத்துல இருக்கக் கூடாது, புரியுதா?" என்றாள் மேலாளர் கவுஹார். "கல்யாணமாகிப் போன பொண்ணோட குரலை வித்துப் பிழைக்கிறாங்கன்னு அவ மாமியார் வீட்டுல பேச்சு வந்தா என் வேலை போயிடும். அதுக்கு முன்னாடி உன் வேலை போயிடும்."

செர்ஜான் தலையாட்டினான். அல்மாத்தி நகரின் அந்த ஒலிப்பதிவுக்கூடத்துக்கு அவன் புதியவன். பழைய ஒலிப்பதிவாளர் 'கர்லகாஷ்' பெண்கள் குழுவின் மூன்றாவது ஆல்பத்தைப் பாதியில் விட்டுவிட்டு, தலைநகர் அஸ்தானாவில் வேறு வேலைக்குப் போயிருந்தார். நால்வரில் தொல்கனாய் கல்யாணம் செய்துகொண்டு விலகிவிட்டாள். அவளே கைகாட்டிய இங்கார் அந்த இடத்துக்கு வந்திருந்தாள்.

வேலை எளிதாகத்தான் தெரிந்தது. ஒவ்வொரு குரலும் கணினியில் தனித்தனித் தடமாக இருக்கும். தொல்கனாயின் பெயரில் இரண்டு தடங்கள். ஒன்று மேல்குரல். அதை இங்கார் புதிதாகப் பாடிவிட்டாள். மற்றொன்று, எல்லாருக்கும் அடியில் ஓடும் கீழ்க்குரல். செர்ஜான் அதை மௌனமாக்கினான்.

பாட்டு அப்படியே படுத்துவிட்டது.

குழுப்பாட்டு என்பது கம்பளிக் கூடாரம் மாதிரி. பார்ப்பவர்கள் பூவேலைத் துணியைத்தான் புகழ்வார்கள். எல்லாக் கழிகளையும் பிடித்து நிறுத்தும் உச்சி வளையத்தை யாரும் கவனிப்பதில்லை. அதை உருவினால்தான் அது இருந்ததே தெரியும்.

அந்தத் தடத்தை மட்டும் தனியாக ஓடவிட்டான். கையிலிருந்த பேனா நழுவி விழுந்தது. தூரத்தில் குதிரைக்கூட்டம் வரும்போது காதுக்கு முன்னால் புல்வெளிக்குத் தெரிந்துவிடுமே, அப்படி அந்தக் குரல் முதலில் நெஞ்செலும்பில் ஏறி, பிறகுதான் காதுக்கு வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற இங்காரிடம், "என்ன குரல்மா இது!" என்றான்.

இங்கார் சிவந்துபோனாள். "அண்ணா, அதை நான் ஒரு தடவை பாடிப் பாக்கட்டுமா?"

"நீ மேல்குரலைப் பாத்துக்கோ. இதெல்லாம் எல்லாருக்கும் வராது."

முதலில், குழுவின் பழைய பாடகிகளில் ஒருத்தியான ஜிபெக்கின் குரலைக் கணினியில் கீழே இறக்கினான். குரல் இறங்கும்போது தொண்டையும் சேர்ந்து பெரிதானதுபோலக் கேட்கும், அதுதான் சிக்கல். ஜிபெக் கேட்டுவிட்டு, "இது நானா? சளி பிடிச்ச எங்க மாமா மாதிரி இருக்கு!" என்று அழாத குறையாக ஓடிப்போனாள்.

அடுத்து பழைய மூவரையும் சேர்ந்து கீழே பாடச் சொன்னான். சுருதியில் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் குரல்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு 'வவ்வவ்' என்று அதிரும். பக்கத்து அறைக்காரர் மாவு மில் வைத்துவிட்டார்களா என்று எட்டிப் பார்த்தார்.

கடைசியில் அவனே பாடினான்.

கவுஹார் கதவைத் திறந்தாள். "ஒட்டகத்தை யார் உள்ள விட்டது?"

"அண்ணா, நான் வேணும்னா..." என்று மறுபடி தொடங்கினாள் இங்கார்.

"போட்டுப் பாக்கறதுக்கு இது என்ன சட்டையா? பிறவியிலேயே வரணும்மா!"

வேறு வழியில்லை. ஒரு பெட்டி மிட்டாய் வாங்கிக்கொண்டு, அனுமதி கேட்கத் தொல்கனாயின் மாமியார் ராபிகா வீட்டுக்கே போய்விட்டான்.

தலையில் முக்காடிட்ட தொல்கனாய் அரைக் கிண்ணம் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். குடித்தான். மறுபடி அரைக் கிண்ணம். அரையாக ஊற்றினால் இன்னும் இரு என்று அர்த்தம்; விளிம்புவரை நிரப்பினால் கிளம்பு. அது அங்கே கைக்குழந்தைக்கும் தெரியும். வயிறு தேநீரில் தளும்பத் தொடங்கியபோது அவன் ஒருவழியாகக் கைப்பேசியை எடுத்து, அந்தத் தடத்தை மட்டும் ஓடவிட்டான்.

ராபிகாவின் கையிலிருந்த ரொட்டித் துண்டு அந்தரத்தில் நின்றது. பாட்டு முடிந்தும் அவர் அசையவில்லை. கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

"இது... என் மருமக குரலா?"

"ஆமாம்மா. இது இல்லாம ஆல்பமே இல்ல. நீங்க மனசு வெச்சா..."

"எடுத்துக்கோ தம்பி! ஊரே கேக்கட்டும்! இப்படி ஒரு குரலை வீட்டுல வெச்சுக்கிட்டு தட்டு கழுவ விட்டிருக்கேனே, பாவி நான்!"

செர்ஜானுக்கு உயிர் திரும்பி வந்தது.

"நாளைக்கு என் தம்பி வீட்டுக் கல்யாணம். முந்நூறு பேர் வர்றாங்க. நீ பாடுற, தொல்கனாய்! இப்ப எனக்காக ஒரே ஒரு வரி பாடும்மா கண்ணு."

தொல்கனாய் பாடவில்லை. செர்ஜானின் கிண்ணத்தை எடுத்து விளிம்புவரை ஊற்றினாள். தேநீர் வழிந்து விரிப்பில் ஓடியது.

"என்னடி இது, வந்தவரை விரட்டுற?" என்று ராபிகா பதறினார். செர்ஜானுக்கும் ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் அவ்வளவு நிரம்பிய கிண்ணத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்க முடியுமா? எழுந்தான்.

வழியனுப்பும் சாக்கில் வாசல்வரை ஓடிவந்த தொல்கனாய், அவன் சட்டைக்கையைப் பிடித்துக் கிசுகிசுத்தாள்:

"அண்ணா, மூணு ஆல்பமா அந்தக் கீழ்க்குரலைப் பாடினது இங்கார்தான், வெளிய சொல்லக் கூடாதுன்னு அவகிட்ட சத்தியம் வாங்கியிருக்கேன், நாளைக்கும் திரைக்குப் பின்னாடி வந்து நிக்கச் சொல்லுங்களேன்!"