அபாயத்தில் மூன்று பங்கு

"ஆர்வில், உன்னோட பிரைமர் கிளம்பிடுச்சாம். எதுக்கு பிரைமர்?"

சமையலறை மேசையில் கிடந்த கணவனின் கைபேசியை எடுத்து, அதில் வந்திருந்த பார்சல் செய்தியைப் படித்தபடி மார்லிஸ் கேட்டாள். ஆர்விலுக்கு வாயிலிருந்த காபி மூக்கு வழியாக வந்தது.

சாதாரணக் கேள்விதான். சிக்கல் என்னவென்றால், உலகத்தில் பிரைமர் இரண்டு வகை. ஒன்று, பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் சுவரில் பூசுவது. இன்னொன்று, தோட்டாவின் பின்பக்கத்தில் இருக்கும் குட்டி உலோக மூடி. துப்பாக்கியின் ஊசி அதைத் தட்டினால் பொறி பறக்கும், உள்ளே இருக்கும் மருந்து வெடிக்கும், குண்டு போகும். சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டைத் தூக்கி எறிபவனை எங்கள் மான்டானா பக்கத்தில் ஊதாரி என்பார்கள். வீட்டுக்கு வீடு நிலவறையில் ஒரு பெஞ்சு, அதன்மேல் கைப்பிடியை இழுத்துத் தோட்டா செய்யும் ஒரு பிரஸ். கூட்டைச் சுத்தம் செய்து, புது பிரைமர் பொருத்தி, மருந்து கொட்டி, குண்டு சொருகினால் தோட்டா மறுபடி தயார். ஆர்வில் அந்த வேலையில் கெட்டிக்காரன்.

கிளம்பியிருந்தது அந்த இரண்டாவது வகை பிரைமர்.

வசந்த காலத்தில் மார்லிஸ் நிலவறைப் படிக்கட்டில் நின்று சொல்லியிருந்தாள். "இங்க நடக்க இடமில்ல. அந்த வெடி முத்திரை குத்தின பெட்டி இன்னும் ஒண்ணே ஒண்ணு இந்த வாசப்படி ஏறட்டும், உன் பெஞ்சு, பிரஸ் எல்லாத்தையும் சர்ச் ஏலத்துல போட்டுடுவேன்." ஆர்வில் சத்தியம் செய்து கொடுத்தான். அவள் வாய்ச்சவடால் விடுகிற ஆளில்லை. படகு விஷயத்திலும் அப்படித்தான் சொன்னாள். ஒரு சனிக்கிழமை மீன் பிடிக்கக் கிளம்பியவன் கொட்டகைக்குப் பின்னால் போனபோது, படகு இருந்த இடத்தில் புல் மட்டும் மஞ்சளாக இருந்தது.

"பெயிண்ட் பிரைமர்தான்," என்றான் ஆர்வில். "சுவருக்கு அடிப்பாங்களே, அது."

மார்லிஸின் முகம் மலர்ந்துவிட்டது.

"நிஜமாவா? எத்தனை வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன்! முன் ரூமுக்கா?"

"ஆமா. முன் ரூமுக்குத்தான்."

அவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். அடுத்த நிமிஷமே முன் அறையில் திரைச்சீலைகளைக் கழற்ற ஆரம்பித்துவிட்டாள். ஆர்வில் நிலவறைக்கு ஓடிப்போய் டெல்மருக்குப் போன் போட்டான்.

டெல்மர் பக்கத்துத் தெரு. வேட்டைக் கூட்டாளி. இந்தப் பெட்டியில் பங்காளி. பங்கு எதற்கென்றால், பிரைமரும் மருந்தும் வெடிக்கிற சரக்கு. வீட்டுக்கு அனுப்ப கம்பெனிக்காரன் அபாயக் கட்டணம் என்று ஒன்று போடுவான். ஒரு கைப்பிடி வாங்கினாலும் அதே கட்டணம், பெட்டி நிறைய வாங்கினாலும் அதே கட்டணம். சரக்கைவிட அபாயம் விலை கூட. அதனால் எங்கள் ஊரில் மூளை உள்ள யாரும் தனியாக வாங்குவதில்லை. "அபாயத்துல பங்கு வேணுமா?" என்று தெருவில் நின்று கேட்டால் கைகுலுக்க நாலு பேர் வருவார்கள். இந்தத் தடவை மூன்று பங்கு. ஆர்வில், டெல்மர், அப்புறம் பாஸ்டர் லிண்ட்விக். டெல்மரின் நாய் பார்சல் வண்டிக்காரியைக் கடித்த பிறகு அந்த வீட்டுக்குப் பெட்டி போவதில்லை. போதகர் வீட்டு வாசலில் வெடி முத்திரை குத்திய பெட்டி இருந்தால் பார்க்க நன்றாக இருக்காது. அதனால் ஆர்வில் வீட்டு முகவரி.

"மாட்டிக்கிட்டேன்டா," என்றான் ஆர்வில். "பெயிண்ட் பிரைமர்னு சொல்லிட்டேன்."

"அட கிறுக்கா! ஏதாவது மோட்டார் சாமான்னு சொல்லியிருக்கலாம்ல?"

"பேர் அவ கையிலயே இருக்கே, என்ன பண்ணச் சொல்ற? பெட்டி வந்தா அவதான் கையெழுத்து போட்டு வாங்குவா. முத்திரையைப் பார்த்தா என் பெஞ்சு போச்சு."

டெல்மருக்கு வேறு கவலை. "அந்த பிரஸ் ஏலத்துக்கு வந்தா முதல்ல என்கிட்ட சொல்லு."

ஆர்வில் போனை வைத்துவிட்டு கம்பெனிக்குப் போட்டான். முகவரியை மாற்ற முடியுமா என்று கெஞ்சினான். அந்தப் பக்கத்துப் பெண் குரல் இனிமையாகத்தான் பேசியது.

"முடியாதுங்க. அபாயச் சரக்கு கிளம்பிட்டா கிளம்பினதுதான். வேணும்னா திருப்பி வரவழைக்கலாம். திரும்பி வர்றதுக்கு ஒரு அபாயக் கட்டணம் ஆகும். வேற முகவரிக்கு மறுபடி அனுப்ப இன்னொரு அபாயக் கட்டணம்."

இதை டெல்மரிடம் சொன்னதும் அவன் போனிலேயே அலறினான். "யோவ், உன் பெஞ்சு போனா போகட்டும், பொண்டாட்டி போனாலும் போகட்டும்! இன்னொரு அபாயத்தை மட்டும் கட்டிடாதே!"

வேறு வழியில்லை. சனிக்கிழமை எல்க் மான் வேட்டை தொடங்குகிறது. கூடு இருக்கிறது, மருந்து இருக்கிறது, பிரைமர் ஒன்றுகூட இல்லை. கடைத் தோட்டாவோடு மலையேறினால் டெல்மர் சாகும்வரை சொல்லிக்காட்டுவான். ஆக, பெட்டி வரவும் வேண்டும், மார்லிஸ் கண்ணில் படவும் கூடாது. அதுவரை சந்தேகம் வராமலிருக்க முன் அறைக்கு பெயிண்ட் அடித்துவிடுவது என்று ஆர்வில் முடிவு செய்தான். சாலைத்துறை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு ஹார்ட்வேர் கடைக்குப் போனான்.

கல்லாவில் இருந்த வெர்ன் இவனைப் பார்த்ததுமே கையை விரித்தான். "பிரைமர் இல்ல ஆர்வில். வந்ததெல்லாம் தீர்ந்துபோச்சு."

"அது இல்ல. பெயிண்ட் பிரைமர்."

கடையில் ஆணி பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வெர்ன் கண்ணாடியைக் கழற்றினான்.

"உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"ஏன்யா, மனுஷன் வீட்டுக்கு பெயிண்ட் அடிக்கக் கூடாதா?"

"அடிக்கலாம். சீசன் தொடங்கற வாரத்துல யாரும் அடிச்சுப் பார்த்ததில்ல. டாக்டர் ஏதாவது சொன்னாரா?"

ஆர்வில் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். வீட்டுக்குள் நுழைந்ததும் மார்லிஸ் டப்பாவைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"பிரைமர்தான் பார்சல்ல வருதே, இது எதுக்கு?"

இதை அவன் யோசிக்கவே இல்லை.

"இது... இது சுவருக்கு. பார்சல்ல வர்றது சீலிங்குக்கு."

"சீலிங்கும் அடிக்கப் போறியா!"

"அடிச்சாத்தானே எடுப்பா இருக்கும்?"

"கடையில இருக்கறது சீலிங்குக்கு ஆகாதா?"

"ஆகும், ஆகும். ஆனா அது ஈரம் தாங்கற வகை. ஸ்பெஷல்."

"ஈரமா? அப்போ பாத்ரூமுக்கும் சேர்த்தா?" மார்லிஸ் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஆர்வில், நீ எவ்வளவு நல்லவன்!"

அந்த வார்த்தை அவனைச் சுட்டது. வெட்கத்தில் காது சிவந்துவிட்டது. ஒரு கணம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. படகு இருந்த இடத்துப் புல் ஞாபகம் வந்தது, வாயை மூடிக்கொண்டான்.

அன்றிலிருந்து அவன் உடல் ஏணிமேலும் உயிர் வாசலிலுமாக இருந்தது. தெருவில் எந்த வண்டி திரும்பினாலும் கையில் பிரஷ்ஷோடு ஓடினான். பால் வண்டிக்கு ஓடினான், குப்பை வண்டிக்கு ஓடினான். மார்லிஸ் வீட்டைவிட்டு ஒரு அடி நகரவில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்து நூல் பின்னிக்கொண்டே, "அந்த மூலையில திட்டுத் திட்டா இருக்கு, பாரு," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பார்சல் வண்டி வரத்தான் வந்தது. மார்லிஸுக்கு நூல் கொண்டுவந்தது. இன்னொரு நாள் எதிர்வீட்டுக்கு நாய்த் தீனி. ஆர்வில் வண்டி ஓட்டும் ட்வைலாவைத் தடுத்து நிறுத்தினான். ட்வைலா இவர்களோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள்.

"ட்வைலா, என் பேருக்கு ஒரு பெட்டி வரும். என் கையிலதான் குடுக்கணும்."

"வீட்டுல வயசு வந்த யார் கையெழுத்து போட்டாலும் குடுக்கலாம்னு இருக்கே?"

"கால்ல விழறேன், தாயே. என் கையில மட்டும் குடு. வந்துச்சா, இல்லையா?"

"குடுக்க வேண்டிய நேரத்துல குடுக்காம நானே வச்சுக்கப் போறேனா?" என்றாள் ட்வைலா. அவன் தலைமுடியில் ஒட்டியிருந்த வெள்ளையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தாள்.

புதன்கிழமை டெல்மர் பொறுக்க முடியாமல் நேரிலேயே வந்துவிட்டான். கதவைத் திறந்தவள் மார்லிஸ்.

"வந்துச்சா?" என்று கேட்டேவிட்டான் அந்த மடையன்.

"எது வந்துச்சா?"

ஏணிமேலிருந்து ஆர்வில் கத்தினான். "பிரைமர்! பிரைமரைத்தான் கேக்கறான். எனக்கு ஒத்தாசை பண்ண வந்திருக்கான். இல்லையா, டெல்மர்?"

டெல்மர் திருதிருவென்று விழித்தான். "ஆமா... ஒத்தாசைக்குத்தான்."

மார்லிஸ் அவன் கையில் ரோலரைக் கொடுத்தாள். மறுநாள் பாஸ்டர் லிண்ட்விக் வந்தார். அவர் கைகளைக் கோத்துக்கொண்டு, "வீட்டுல எல்லாரும் சௌக்கியமா? ஏதாவது... வந்து சேர்ந்துச்சா?" என்று பக்குவமாகத்தான் கேட்டார்.

"ஒத்தாசைக்கு வந்தீங்களா, பாஸ்டர்?" என்றாள் மார்லிஸ். "உங்களைப் போல மனசு யாருக்கு வரும்! பாத்ரூம் அந்தப் பக்கம்."

ஆக, எங்கள் ஊரின் சிறந்த மூன்று துப்பாக்கிகள் சீசனுக்கு முந்திய வாரத்தில் குறி பார்க்கப் போகாமல், ஆர்வில் வீட்டில் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். சுவர் முடிந்து சீலிங் முடிந்தது. சீலிங் பளிச்சென்று ஆனதும் கதவுகள் அழுக்காகத் தெரிந்தன. கதவுகளையும் அடித்தார்கள்.

"எல்லாம் உன்னாலதான்," என்று டெல்மர் பல்லைக் கடித்தான். "என் தோள்பட்டை கழண்டுபோச்சு. துப்பாக்கியைத் தூக்க முடியுமான்னே தெரியல."

"மெதுவா பேசுடா! பெட்டி மட்டும் அவ இருக்கறப்போ வந்துச்சு, நான் செத்தேன்."

"ஏலம் நவம்பர்ல," என்றார் பாஸ்டர், குளியலறைத் தொட்டிக்குள் நின்று பிரஷ்ஷை நனைத்தபடி. "ஒருவேளை அப்படி ஏதாவது ஆனா, நல்ல விலைக்குப் போற மாதிரி நான் பார்த்துக்கறேன், ஆர்வில். கவலைப்படாதே."

ஆர்விலுக்கு அழுகையே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம். வீட்டில் பூசுவதற்கு இடம் பாக்கியில்லை. ஆர்வில் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. பெட்டி இன்று வராவிட்டால் வேட்டை போச்சு, மார்லிஸ் இருக்கும்போது வந்தால் பெஞ்சு போச்சு. அப்போது மார்லிஸ் குளியலறைச் சுவரில் விரலை வைத்துப் பார்த்தாள், உள்ளே போய் போனில் யாரிடமோ ஒரு வார்த்தை பேசிவிட்டு வந்து கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"காய்ஞ்சிடுச்சு. பாவம், மூணு பேரும் எலும்பு தேய உழைச்சிருக்கீங்க. கடைக்குப் போய் சாப்பிட நல்லதா ஒரு ஹக்கிள்பெரிப் பழ கேக் வாங்கிட்டு வரேன்."

அவள் கார் தெருமுனையில் திரும்பி மறையவும், மறுமுனையிலிருந்து பார்சல் வண்டி வரவும் சரியாக இருந்தது.

"கர்த்தர் இருக்கார்!" என்றார் பாஸ்டர்.

மூன்று பேரும் வாசலுக்குப் பாய்ந்தார்கள். ட்வைலா பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். கறுப்பும் வெள்ளையுமாக வெடி முத்திரை அதன் பக்கத்தில் தெளிவாக இருந்தது. ஆர்வில் கையெழுத்தைக் கிறுக்கினான். டெல்மர் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, தன் வண்டியில் போட்டுத் தார்ப்பாயால் மூடினான். பாஸ்டர் தார்ப்பாயின்மேல் வண்டியிலேயே கிடந்த ஒரு கட்டு வைக்கோலை எடுத்து வைத்தார்.

ஆர்வில் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது. சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. பெஞ்சு தப்பியது, வேட்டை தப்பியது, மார்லிஸுக்கு எதுவுமே தெரியாது.

"ரொம்ப நன்றி, ட்வைலா," என்றான். "சரியான நேரத்துக்கு வந்தே. ஒரு நிமிஷம் முன்னாடி வந்திருந்தா என் கதை முடிஞ்சிருக்கும்."

ட்வைலா திறந்திருந்த கதவு வழியாகத் தலையை நீட்டி முன் அறையைச் சுற்றிப் பார்த்தாள். சீலிங்கை அண்ணாந்து பார்த்தாள். பிறகு பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு சொன்னாள்:

"பெட்டி புதன்கிழமையே கிடங்குக்கு வந்துடுச்சு, ஆர்வில். பாத்ரூம்ல ரெண்டாவது கோட்டு பெயிண்ட் காய்ஞ்சதும் போன் பண்றேன், அப்புறம் கொண்டுவந்து குடுத்தா போதும்னு மார்லிஸ் சொல்லியிருந்தா."