ரேடியேட்டருக்கு முன்னால் மல்லிகை

முதிய வயதில் ஒருவனுக்குப் பழைய கார் வாங்கும் ஆசை பிறக்குமானால், அவனுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா என்று விசாரிப்பதைவிட, எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற விவேகம் உண்டா என்று விசாரிப்பதே குடும்பத்தாருக்கு நலம். முன்னது எனக்கு உண்டு. பின்னது இல்லை என்பதை மயிலாப்பூர் மாட வீதியில், நாகசுவர இசை முழங்க, சம்பந்தி வீட்டார் முன்னிலையில் அறிந்துகொண்டேன்.

பணி ஓய்வுக்குப் பின், அடையாற்றில் ஒரு வீட்டுப் புங்கமரத்தடியில் நெடுங்காலமாக நின்றிருந்த வெளிர்மஞ்சள் அம்பாசடர் ஒன்றை வாங்கினேன். (வாங்கினேன் என்பது கௌரவத்துக்காகச் சொல்வது. இடத்தைக் காலி செய்தால் போதும் என்று அவர்கள் கொடுத்தார்கள்.) மந்தைவெளியில் பாஷாவின் மெக்கானிக் ஷெட்டுக்கு அதை இழுத்து வந்தோம். பாஷா வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். பிரேக் பிடிக்கவில்லை, ரேடியேட்டரில் துரு அடைத்திருக்கிறது, தரைத்தகட்டின் ஓட்டை வழியே சாலை தெரிகிறது, சீட்டுக்குள் எலி குடியிருந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, "ஹாரன் மட்டும் சூப்பரா கீது சார்" என்று ஆறுதலும் கூறினார்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்ய ஓய்வூதியம் இடம் தராது. எனவே வரிசை வகுக்க வேண்டியிருந்தது. என் மனைவி கமலா அந்த விஷயத்தில் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள்.

"ஓடறதைவிட நிக்கறது முக்கியம். முதல்ல பிரேக்கைப் பாருங்கோ."

பார்த்தேன். அது அவளுடைய மனத்திருப்திக்காகச் செய்த காரியம் என்றே அப்போது எண்ணியிருந்தேன்.

அடுத்து ரேடியேட்டரின் முறை வந்தபோதுதான் தம்பி ரமணியின் மகள் காயத்ரிக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. சம்பந்தி தங்கமான மனிதர். எதுவும் கேட்கவில்லை. தம்மைப் போலவே தம் பிள்ளையும் மாப்பிள்ளை அழைப்பன்று பழைய காலத்துக் காரில் வரவேண்டும் என்ற ஒரே ஆசையை மட்டும் தெரிவித்தார். ரமணி வாடகைக் கார் பேசப் புறப்பட்டான். நான் தடுத்தேன். ஆத்தில் காரை வைத்துக்கொண்டு வாடகைக் காரா என்று கடிந்தேன்.

"அண்ணா, அவர் கேட்டது இது ஒண்ணுதான்" என்றான்.

"நான் பார்த்துக்கறேன்டா."

அந்தக் கணமே என் வரிசை தலைகீழாயிற்று. சம்பந்தியின் கண்ணில் படப்போவது சீட்டும் பெயிண்டும் பம்பரும். ரேடியேட்டரை எந்தச் சம்பந்தி குனிந்து பார்க்கிறார்? மேலும், விடியற்காலையில் திரு.வி.க. பாலத்தைத் தாண்டி அடையாறுவரை ஓட்டிப் பார்த்ததில் வெப்பமானியின் முள் அசையவே இல்லை. இருந்தாலும் பாஷா, ரேடியேட்டரைக் கழற்றிவிடலாமா என்று கேட்டார். அப்போது நான் ஆற்றிய உரை இது:

"பாஷா, மனுஷன் ஓடினா வேர்க்கும். நடந்தா வேர்க்குமா? அன்னிக்கு இந்த வண்டி நாகஸ்வரத்துக்குப் பின்னாடி நடக்கத்தானே போறது?"

பாஷா ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"அதுவும் கரீட்டுதான் சார். அப்ப சீட்டு வேலைய ஆரம்பிச்சிரலாமா?"

(சீட்டு தைப்பவர் அவருடைய மைத்துனர். இருப்பினும் எங்கள் இருவரில் ஒருவராவது யோசித்திருக்கலாம்.) காற்று வீசினால்தான் ரேடியேட்டர் குளிரும், ஊர்ந்து போகும் வண்டிக்குக் காற்று ஏது என்ற எளிய உண்மை அன்று அந்த ஷெட்டில் எவருக்கும் தோன்றவில்லை. நானோ இந்தத் தத்துவத்தை வீட்டிலும், கல்யாணத்துக்கு வந்திறங்கிய உறவினரிடமும் ஒரு வாரகாலம் பெருமையோடு சொல்லிவந்தேன்.

அழைப்பு நாள் மாலை. குளக்கரைப் பிள்ளையார் கோவிலிலிருந்து லஸ் பக்கத்து மண்டபம்வரை ஊர்வலம். அரக்கு நிறச் சீட்டு பளபளத்தது. பூக்காரரிடம், வண்டியின் முகத்தில் ஒரு கம்பிகூட வெளியே தெரியக் கூடாது என்று கட்டளையிட்டிருந்தேன். அவர் நாணயமானவர். கிரில் முழுவதையும் கோரைப்பாயைப் போல நெருக்கிக் கட்டிய மல்லிகையால் மூடிவிட்டார். அந்த வழியாகத்தான் என்ஜினுக்கு மூச்சு என்பது இப்போது எனக்குத் தெரியும்.

பின்சீட்டில் கோட்டும் சூட்டுமாக மாப்பிள்ளை கார்த்திக். அவரைச் சுற்றி வழக்கம்போல் குழந்தைகள் பட்டாளம். மயில்கண் வேஷ்டியுடன் நான் ஸ்டியரிங்கில். முன்னால் நாகசுவர வித்துவான். அவர் நடந்துகொண்டே வாசித்துவிட்டுப் போகிறவர் அல்லர். தெற்கு மாட வீதித் திருப்பத்தில் கூட்டம் சேர்ந்ததும், நின்று, விஸ்தாரமாகத் தோடியை எடுத்தார். நானும் என்ஜினை அணைக்காமல் தலையசைத்து ரசித்தேன். ராகம் மேல் ஸ்தாயிக்கு ஏற ஏற, வெப்பமானியின் முள்ளும் உடன் ஏறுவதைக் கண்டேன். கையருகே இருந்த பூச்சரத்தை எடுத்து அதன்மேல் தொங்கவிட்டேன். மறைத்தால் இறங்கிவிடும் என்று நினைத்தேனோ என்னவோ.

பின்னாலிருந்து கார்த்திக் மெல்லக் கேட்டார்.

"மாமா, ஏதோ ரசம் கொதிக்கற மாதிரி சத்தம் கேக்கறதே?"

"அது தவில்" என்றேன்.

மல்லிகையின் இடுக்குகளிலிருந்து வெண்புகை புறப்பட்டது. இந்நாளில் கல்யாண மேடைகளில் புகை விடுவது வாடிக்கையாகிவிட்டபடியால், சம்பந்தி மாமி ஜன்னலருகே வந்து, "புகையெல்லாம் ஏற்பாடு பண்ணியிருக்கேளே, ரொம்ப நன்னாயிருக்கு" என்று பாராட்டினார். நான் மறுக்கவில்லை. அடக்கமாகப் புன்னகை செய்தேன். பின்னோக்கி நடந்தபடி படமெடுத்த வீடியோக்காரர், இன்னும் கொஞ்சம் விடச் சொல்லிக் கட்டைவிரலை உயர்த்தினார்.

அவர் விருப்பம் உடனே நிறைவேறியது. பானட்டுக்குள் ஒரு சீறல் எழுந்தது. செந்துருத் தண்ணீர் பீறிட்டு மல்லிகையெல்லாம் காப்பி நிறமாயிற்று. என்ஜின் இருமுறை குலுங்கி ஓய்ந்தது. வித்துவான் தோடியைப் பாதியில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். வெந்த மல்லிகையின் மணம் எப்படியிருக்கும் என்று அறிந்தவர்கள் இந்நகரில் மிகச் சிலரே. அவர்களில் நான் ஒருவன். பின்னால் தேங்கிய வண்டிகள் ஒலியெழுப்பின. ஓர் ஆட்டோக்காரர் தலையை நீட்டி, "இன்னா பெரிசு, காரா குக்கரா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ரமணி ஜன்னலருகே வந்து நின்றான். சம்பந்தி கேட்ட ஒரே ஒன்றும் நடுவீதியில் ஆவியாகிக்கொண்டிருந்தது. நிச்சயதாம்பூலத்துக்குக் குறித்த நேரமோ நெருங்கிக்கொண்டிருந்தது. ஆட்டோவில் அழைத்துப் போகலாமா என்று யாரோ முணுமுணுத்தார்கள். அழைப்புக் காரில் ஏறிய மாப்பிள்ளை, மண்டப வாசலில் ஆரத்தி எடுக்கும்வரை இறங்கக் கூடாது என்று மாமி உறுதியாகச் சொல்லிவிட்டார்.

அப்போது சம்பந்தி அங்கவஸ்திரத்தை எடுத்து இடுப்பில் இறுகக் கட்டிக்கொண்டு காரின் பின்புறம் சென்றார்.

"கார்த்திக், நீ பாட்டுக்கு உக்காரு. மாமா, நியூட்ரல்ல போடுங்கோ."

அவருடைய மனிதர்கள் அனைவரும் கைகொடுத்தார்கள். என்ஜின் இழுத்ததைவிட வேகமாக வண்டி புறப்பட்டது. வித்துவான் வாசித்தபடியே ஏறக்குறைய ஓடவேண்டியதாயிற்று. மண்டப வாசலோ சரிவானது. தள்ளியவர்கள் கையை விட்ட பிறகும் வண்டி தன் போக்கில் இறங்கியது. எதிரே பெண்கள் ஆரத்தித் தட்டுடன் நின்றார்கள். நான் பிரேக்கை மிதித்தேன்.

தட்டுக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்றது. தட்டை ஏந்தியிருந்தவள் கமலா. அவள் காரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு மாப்பிள்ளைக்கு ஆரத்தி எடுத்தாள்.

சம்பந்தி வியர்வையைத் துடைத்தபடி ரமணியிடம் வந்தார். ரமணி கைகூப்பினான். அவர் அந்தக் கைகளைப் பற்றிக்கொண்டார்.

"எல்லா எடத்துலயும் பொண்ணாத்துக்காரா மாப்பிள்ளையை அழைச்சுண்டு போவா. எங்க பிள்ளையை நாங்களே தள்ளிண்டு வந்து விட்டுட்டோம். இனிமே திருப்பி எடுத்துக்க மாட்டோம், சொல்லிட்டேன்."

வாசலே சிரித்தது. ரமணி கடைசியாகச் சிரித்தான். அதன் பிறகுதான் நான் காரைவிட்டு இறங்கினேன்.

மறுவாரம் புதிய ரேடியேட்டர் போட்டாயிற்று. நடந்ததையெல்லாம் கேட்டுமுடித்த பாஷா, "சீட்டு எப்டி இருந்திச்சி சார், எல்லாம் இன்னா சொன்னாங்க?" என்று மட்டும் விசாரித்தார். கார்த்திக்கின் வீட்டிலோ, அந்தப் புகைக்காட்சியை மட்டும் வெட்டியெடுத்துப் பின்னணி இசை சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கல்யாண நாளன்றும் அது என் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது.

போன மாதம் மருத்துவர் என்னைத் தினமும் நடக்கச் சொன்னார். சாந்தோம்வரை போய், சட்டை நனைந்து உடம்போடு ஒட்டத் திரும்பி வருகிறேன். கமலா வாசலிலேயே துண்டுடன் நிற்கிறாள். துண்டை உடனே தருவதில்லை.

"ஏன்னா, நடந்தா வேர்க்குமா?"