நாற்பத்தொரு பச்சை, ஒரு சிவப்பு

தகரப் பெட்டியைக் கவிழ்த்ததும் வில்லைகள் மேசையெங்கும் உருண்டோடின. சந்தோஷ ஆபீசர் ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கினார். பச்சை, பச்சை, பச்சை. நாற்பத்தொன்று வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவர், நாற்பத்திரண்டாவதைத் தேடி மேசைக்கடியில் தவழ்ந்தார். அது நாற்காலிக் காலுக்குப் பக்கத்தில் சாதுவாகக் கிடந்தது. சிவப்பு.

"வந்துட்டியா மகராசா? வா, வா. நீ இல்லாம எனக்குப் பொழுது விடியுமா?" என்றார் அதைப் பார்த்து.

இருபத்துநான்கு நாளாக ஒரு நாள் தவறாமல் வருகிற விருந்தாளி அது. தினமும் ஒன்று. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

சந்தோஷ ஆபீசர் என்பது ஊர் வைத்த பெயர். உத்தரவில் 'நலன் மற்றும் மனமகிழ்வு அலுவலர்' என்று இருந்தது. அவ்வளவு நீளத்தை யார் கூப்பிடுவது? பூமியிலிருந்து எட்டு மாதப் பயணத் தூரத்தில், வேறொரு கிரகத்தில், மூடிபோட்ட மூன்று கூடங்கள், அவற்றை இணைக்கும் ஒரு நடை, ஒரு வட்ட ஜன்னல், நாற்பத்து மூன்று பேர். இவ்வளவுதான் ஊர். கதவைத் திறந்து வெளியே போனால் மூச்சுமுட்டிச் செத்துப்போகலாம் என்பதைத் தவிர வேறு பொழுதுபோக்கு கிடையாது.

இப்படி அடைபட்டு மனிதர்கள் சந்தோஷமாக இருக்க முடியுமா என்று மேலிடத்துக்குச் சந்தேகம். அதற்குத்தான் இந்தப் பெட்டி. சாயங்காலச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒவ்வொருவரும் மறைப்புக்குப் பின்னால் போய், சந்தோஷமாக இருந்தால் பச்சை வில்லை, இல்லையென்றால் சிவப்பு வில்லை போடவேண்டும். எண்ணுகிறவர் என்பதால் ஆபீசருக்கு மட்டும் ஓட்டுக் கிடையாது.

விதிகளையெல்லாம் மேலிடம் ரேடியோவில் அனுப்பியிருந்தது. ரேடியோ அக்கா அதை ஒரே தாளில் அச்சடித்து ஊர் முழுக்கச் சுற்றுக்கு விட்டுக் கடைசியில் இவர் கையில் கொடுத்தார். முன்பக்கத்தை ஆபீசர் மனப்பாடமாகவே சொல்வார். பின்பக்கத்திலும் பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. பொடி எழுத்தை யார் படிப்பது? காகிதம் கிடைக்காத ஊர் என்பதால் அதன் மேலேயே தினமும் ஒரு கோடு கிழித்துக் கணக்கு வைத்துக்கொண்டார்.

இருபத்துநான்காவது கோட்டைக் கிழித்ததும், மிச்சம் ஆறே நாள் என்று விரல்விட்டு எண்ணினார். காரணம் தலையணை உறைக்குள் இருந்தது. வந்து முப்பது நாள் நின்று கிளம்பும் சரக்குக் கலத்தில் 'தங்களுக்கு மட்டும்' என்று முத்திரையிட்ட உறையில் வந்த கடிதம். முப்பது நாளுக்குள் ஒரு நாளாவது முழுப் பச்சை வராவிட்டால், அலுவலர் அதே கலத்தில் ஊர் திரும்பலாம். துணைவியாரின் பணி இன்னும் ஆறு ஆண்டு இங்கேயே தொடரும்.

செடி வளர்ப்பதில் அவர் மனைவியை மிஞ்ச ஆளில்லை. மேலிடம் தேர்ந்தெடுத்தது மனைவியைத்தான். இவர் கணவர் என்ற ஒரே தகுதியில் கூட வந்தவர். கலத்தின் பட்டியலில் விதைப்பெட்டிகளுக்கும் உரமூட்டைக்கும் நடுவில் தன் பெயர் இருந்ததை இவரே எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார். இப்போது சிரிப்பு வரவில்லை. ஆறு வருஷம்! அவள் இல்லாமல் ஆறு நாள் இருந்ததில்லை. பூமியில் ஒருமுறை அவள் இரண்டு நாள் வெளியூர் போனபோது, துவைக்கிற பொடியைப் பால்பொடி என்று கலக்கிக் குடித்த ஆள் அவர்.

"தலையணையில என்னங்க எப்பப் பாத்தாலும் சரசரங்குது?" என்று மனைவி கேட்டபோது, "பஞ்சு காஞ்சுபோச்சு போல" என்றார்.

இவளிடம் சொல்லலாமா? சொன்னால் அழுவாள். அல்லது அழாமல் இருந்துவிடுவாள். இரண்டாவதுதான் அவருக்குப் பயம்.

முதல் சந்தேகம் சமையல்காரர் மேல் விழுந்தது. பளபளவென்ற வழுக்கைத் தலை, உர்ரென்ற முகம். ஆபீசர் அடுப்படிக்குப் போய் நைசாகப் பேச்சுக் கொடுத்தார்.

"என்ன, மனசுல ஏதாவது குறை இருக்கா?"

"எனக்கென்ன குறை? எட்டு வருஷமா சமைக்கிறேன். நல்லா இருக்குன்னு சொல்ல ஒரு நாதியில்ல. அவ்வளவுதான்."

கிடைத்துவிட்டது! ஆபீசர் அன்றே நாற்பத்தொரு பேரையும் தனித்தனியாகப் பிடித்து, ராத்திரிச் சூப்பை மனம்விட்டுப் பாராட்டும்படி கெஞ்சினார். பாராட்டினார்கள். தண்ணீர்க் குழாய் பார்க்கிறவர் எழுந்து நின்றே கைதட்டினார். சமையல்காரர் கண் கலங்கிவிட்டது. ஊரே இப்படி விரும்புகிறதே என்று மறுநாள் மூன்று வேளையும் அதே சூப்பை வைத்தார். அதற்கடுத்த நாளும் வைத்தார்.

"உங்களை யார் பாராட்டச் சொன்னது?" என்று ஊரே ஆபீசர் மேல் பாய்ந்தது.

இரண்டு நாளும் பெட்டியைக் கவிழ்த்தார். நாற்பத்தொரு பச்சை, ஒரு சிவப்பு.

அடுத்த யோசனை ஜன்னல். வெளியே செம்மண்ணும் கல்லும்தான் என்பதால் அதை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. கீழே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து சும்மா கதை பேசுவார்கள். யாரோ ஒருவருக்கு வெளியே பார்க்க ஏக்கமாக இருக்கும், வாய்விட்டுச் சொல்ல வெட்கப்படுகிறார் என்று ஆபீசர் முடிவுகட்டினார். ஆளுக்குப் பத்து நிமிடம் என்று டோக்கன் கொடுத்தார்.

டோக்கன் என்று வந்துவிட்டால் மனிதன் சும்மா இருப்பானா? ஒரு மணி நேரத்தில் நடை முழுக்க வரிசை.

"எனக்குப் பதினொண்ணாம் நம்பர். நீங்க எப்படி முன்னாடி போனீங்க?"

"அங்க பாக்க என்னய்யா இருக்கு? கல்லு!"

"கல்லோ மண்ணோ, என் பத்து நிமிஷம் எனக்கு வேணும்!"

எட்டு வருடமாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேசிய இரண்டு பேர் அன்றோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அன்றைக்கு இருபது சிவப்பாவது விழும் என்று எதிர்பார்த்துப் பெட்டியைக் கவிழ்த்தார். ஒன்று! ஒரே ஒன்று! இந்த ஊருக்கே பைத்தியமா, இல்லை தனக்குத்தானா என்று அவருக்குப் புரியவில்லை. சிந்தித்துப் பார்த்ததில், தனக்குத்தான் என்று தோன்றியது.

இருபத்தெட்டாம் நாள் மனம் சோர்ந்து முடிவெட்டப் போனார். முடிவெட்டுகிறவரை எல்லாரும் கத்திரி அண்ணன் என்பார்கள். ஊர் வம்பெல்லாம் அவர் நாற்காலியைச் சுற்றித்தான் வளரும்.

"அண்ணே, உங்ககிட்ட எல்லாரும் மனசு விட்டுப் பேசுவாங்களே. யாருக்கு இங்க பிடிக்கலை? உண்மையைச் சொல்லுங்க."

"பிடிக்காம என்ன சார்? தலையை ஆட்டாதீங்க, காது போயிடும்."

அசையாமல் இருந்த ஆபீசரின் கண் எதிர்ச் சுவரில் நின்றது. முப்பது தேதி, தேதிக்கு ஒரு பெயர் என்று ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. தினம் ஒரு தலை என்று முறை போலிருக்கிறது, ஆபீசர் என்பதால் தன்னை முறையில்லாமல் உட்காரவைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார். மற்ற நேரம் அண்ணனுக்குக் காற்று வடிகட்டியைத் துடைக்கும் வேலை. இருபத்தாறாம் தேதியில் சமையல்காரர் பெயர் இருந்தது. அந்த மொட்டைத் தலையில் வெட்ட என்ன இருக்கிறது? சவரமாக இருக்கும். முப்பதாம் தேதியைப் பார்த்ததும் அவருக்குப் பகீரென்றது. மனைவியின் பெயர்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டார். "நீ முடி வெட்டிக்கப் போறியா?"

நாற்றுத் தட்டைப் பிடித்திருந்த மனைவி திடுக்கிட்டார். "யாரு சொன்னா?"

"பட்டியல்ல பார்த்தேன். முப்பதாம் தேதி."

"ஆங்... ஆமா. நுனி மட்டும். ரொம்பப் பிளந்துபோச்சு."

அவர் மனைவியின் நீளப் பின்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். கலம் கிளம்புகிற அதே நாள். தான் போகப்போவது தெரியாமலேயே இவள் முடியை வெட்டிக்கொள்கிறாளே என்று நினைத்தார். தண்ணீர் குடிக்கும் சாக்கில் திரும்பிக்கொண்டார்.

இருபத்தொன்பதாம் நாள் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். மழை! இந்தக் கிரகத்தில் இல்லாதது மழைதானே? மழைச் சத்தம் கேட்டால் எந்தக் கல்மனசும் இளகும். பழைய ஒலிப்பதிவு ஒன்றைத் தேடிப்பிடித்து, காலை நேரத்தில் எல்லா ஒலிபெருக்கியிலும் போட்டுவிட்டார். சொட்டுச் சொட்டாக ஆரம்பித்துச் சடசடவென்று பிடித்தது.

தண்ணீர்க் குழாய் பார்க்கிறவர் படுக்கையிலிருந்து துள்ளி எழுந்தார். மூன்று கூடத்திலும் தண்ணீர் ஒழுகும் சத்தம்! "குழாய் வெடிச்சிருச்சு! குழாய் வெடிச்சிருச்சு!" என்று அரைக்கால் சட்டையோடு ஓடித் தலைக்குழாயை இறுக மூடினார். மூடிய வேகத்தில் பிடி கையோடு வந்துவிட்டது. அப்போது குளியலறைகளில் ஒன்பது பேர் இருந்தார்கள். தலைமுதல் கால்வரை சோப்பு நுரையோடு, துண்டைக் கட்டிக்கொண்டு, கண்ணைத் திறக்க முடியாமல், ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி நடையில் வரிசையாக வந்தார்கள். மேலே மழை இன்னும் சடசடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"எங்கே அந்தச் சந்தோஷம்? அந்த ஆளை மட்டும் என் கையில காட்டுங்க!" என்றார் முன்னால் வந்தவர்.

ஆபீசர் உரமூட்டைக்குப் பின்னால் ஒளிந்திருந்தார். கலத்தின் பட்டியலில் எந்த இடத்தில் இருந்தோமோ அதே இடத்துக்கு வந்து சேர்ந்தோம் என்று நினைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமும் நாற்பத்தொரு பச்சை, ஒரு சிவப்பு. கண்ணில் சோப்பு எரிகிறவன் எப்படிப் பச்சை போடுகிறான்?

முப்பதாம் நாள் வந்தது. வில்லையைப் போட்டுவிட்டு எல்லாரும் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனார்கள். ஆபீசர் அறையைத் தாழிட்டுப் பெட்டியைக் கவிழ்த்தார். சிவப்பு முதலிலேயே வந்து விழுந்து அவரைப் பார்த்தது.

வாழ்க்கையில் ஒருநாளும் பொய்க்கணக்கு எழுதியதில்லை. சிவப்பை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். மிச்ச வில்லைகள் இருந்த கிண்ணத்திலிருந்து ஒரு பச்சையை எடுத்து வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு, மேலிடத்துக்கு எண்ணிக்கை அனுப்பும் பொத்தானை அழுத்தினார்.

பதில் வர அரைமணி ஆகும். அதற்குள் சந்தோஷம் தாங்காமல், விதித்தாளையும் கையில் எடுத்துக்கொண்டு, சாப்பாட்டுக் கூடத்தில் போய் ஒரு நாற்காலி மேல் ஏறினார்.

"எல்லாரும் கேளுங்க! இன்னைக்கு முழுப் பச்சை! நாற்பத்திரண்டும் பச்சை!"

கைதட்டல் வரும் என்று கொஞ்ச நேரம் நின்றார். ஒரு கரண்டி கீழே விழுந்தது. நாற்பது தலைகள் ஒரே நேரத்தில் அவர் மனைவி பக்கம் திரும்பின. மனைவியின் முகம் வெளுத்துவிட்டது.

"என்னங்க, நல்லா எண்ணினீங்களா? சரியாத்தான் பாத்தீங்களா?"

"ஒண்ணு ஒண்ணா எண்ணினேன்" என்றார் ஆபீசர், மனைவியின் கண்ணைப் பார்க்காமல்.

சாப்பாட்டைப் பாதியில் விட்டுப் போயிருந்த ரேடியோ அக்கா கொஞ்ச நேரத்தில் ஒரு தாளோடு ஓடிவந்தார். குரல் கம்மியிருந்தது. "மேலிடத்துலேர்ந்து வாழ்த்து வந்திருக்கு. 'விதித்தாளின் பின்பக்கத்தில் கண்டபடி, அடுத்த நானூறு பேர் உடனே புறப்படுகிறார்கள். நாற்பத்து மூன்று பேருக்கான மூன்று கூடங்களையும் அவர்களோடு பகிர்ந்துகொள்ளவும்.'"

"பின்பக்கமா?" என்றார் ஆபீசர்.

தாளைத் திருப்பினார். முப்பது கோடுகளுக்கு அடியில் பொடி எழுத்து. கண்ணைச் சுருக்கிப் படித்தார். ஒன்றுக்கு மேல் சிவப்பு வந்தால் குடியிருப்பு மூடப்படும். ஒரே ஒரு சிவப்பு வந்தால் எந்த மாற்றமும் இல்லை. சிவப்பே வராவிட்டால் நானூறு பேர்.

நாற்காலியிலிருந்து மெல்ல இறங்கினார். சட்டைப்பைக்குள் கைவிட்டு அந்தச் சிவப்பு வில்லையை எடுத்து மனைவியின் கையில் வைத்தார்.

"நான்தான் எடுத்துட்டேன். இன்னைக்கும் சிவப்பு வந்தா என்னை மட்டும் ஊருக்கு அனுப்பிடுவாங்க. கடுதாசி வந்துச்சு, தலையணைக்குள்ள இருக்கு. உன்னை விட்டுட்டு நான் அங்க போய் என்ன பண்ணுவேன்? எனக்குப் பால்பொடி எது, துவைக்கிற பொடி எதுன்னே தெரியாதே!"

மனைவிக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "இதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? முப்பது நாளா மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டு... மனுஷனா நீங்க?"

"என் கதையை விடு" என்று ஆபீசர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பினார். "முப்பது நாளா இங்க ஒரு ஜீவன் நிம்மதியில்லாம உள்ளுக்குள்ள அழுதுக்கிட்டிருக்கு. அது யாருன்னு கண்டுபிடிக்கத் துப்பில்லாத ஆபீசர் நான். யாரா இருந்தாலும் என்னை மன்னிச்சிடுங்க."

கடைசி வரிசையில் இருந்த கத்திரி அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு எழுந்தார்.

"அட போங்க சார், யாரு அழுதா? என் சுவத்துல ஒட்டியிருக்கிறது முடிவெட்டுற பட்டியல் இல்ல. நாம இங்க நிம்மதியா இருக்கிறது தெரிஞ்சு இன்னும் நானூறு பேர் கிளம்பி வந்துடக் கூடாதேன்னு, நாங்க முறை வச்சுச் சிவப்பு போடுற பட்டியல். இன்னைக்கு உங்க வீட்டம்மா முறை!"