வேப்பமரத்தம்மனுக்கு நிழல் கொடுத்த வரலாறு

மரங்களை மனிதர்களிடமிருந்து காப்பாற்றியவர்கள் உலகில் பலர் உண்டு. மனிதர்களை மரங்களிடமிருந்து காப்பாற்றிய மாமனிதர் ஒருவர்தான். பாக்கார் ஆராங்கில் எங்கள் தாமான் குடியிருப்பின் 'பருவகாலக் கிளை ஒழுங்குச் செயற்குழு'த் தலைவர் திரு. தர்மலிங்கம் அவர். அந்தக் குழுவின் செயலாளராக இருக்கும் பேறு அடியேனுக்கு வாய்த்தது.

தலைவர் பக்கத்து ஊரான குருணில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு இணையத்தில் ஒரு பேட்டரி ரம்பம் வாங்கினார். ரம்பத்தைச் சும்மா வைத்திருந்தால் கெட்டுவிடும் என்று வீடியோவில் சொன்னார்களாம். உடனே குழு அமைந்தது. "வெட்ட வெட்டத்தான்யா துளிர்க்கும்" என்பது அவருடைய கொள்கை. அதன்படி எங்கள் தெருக் காகிதப்பூச் செடிகள் கணுக்கால் உயரத்துக்கு 'ஒழுங்கு'பட்டன. மாமரங்களைப் பிப்ரவரி வெயிலில், பூத்துக் குலுங்கும் நேரம் பார்த்து, மின்கம்பங்களுக்குத் தம்பிகளாக்கினோம். அந்த வருடம் ஒரு மாங்காய்கூடக் காய்க்கவில்லை. மரங்களின் நன்றிகெட்ட போக்கைக் கண்டித்துத் தீர்மானம் போட்டோம்.

எஞ்சியது ஒரே ஒரு வேப்பமரம். திடல் ஓரத்தில், தன் வீட்டுக்கு எதிரே, லோகேஸ்வரி அக்கா நட்டு வளர்த்தது. கிளையெல்லாம் தேங்காய் மட்டையில் கட்டிய ஆர்க்கிட்டுகள். மழை ஓய்ந்ததும் காய்ந்த கிளையை மட்டும் கழித்து, வெட்டிய இடத்தில் மஞ்சளைக் குழைத்துப் பூசுவார். பூ வாடினால் தண்டை மட்டும் நறுக்குவார். செயற்குழுவின் அனுமதியில்லாமல் ஒரு மரம் இப்படித் தழைப்பது எவ்வளவு பெரிய ஒழுங்கீனம்!

மரத்தின் குற்றங்களை விசாரிக்க அவசரக் கூட்டம் கூடியது. வெயில் மண்டையைப் பிளந்தது. தாமானில் வேறெங்கும் நிழல் இல்லாத காரணத்தால், கூட்டத்தை அந்த மரத்தடியிலேயே நடத்தினோம்.

"என் காடி மேல எல கொட்டுதுலா," என்று தன் காரைக் காட்டிக் குற்றப்பத்திரிகை வாசித்தார் பொருளாளர் மோரிஸ்.

"உங்க வீட்டு வாசல்ல போட வேண்டியதுதானே? ஏன் இங்க கொண்டாந்து போடுறீங்க?" என்றார் அக்கா.

"அங்க வெயில்லா!"

தலைவர் கையமர்த்தினார். "ஏம்மா பதறுறீங்க? சும்மா லேசாத்தான் கழிக்கப் போறோம்."

"லேசான்னா?"

"இடுப்பு வரைக்கும்."

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அண்ணே, உங்கள கையெடுத்துக் கும்புடுறேன். இந்த நெழலு போச்சுன்னா என் ஆர்க்கிட்டெல்லாம் கருகிப் போயிரும். புள்ளைங்க மாதிரி பாத்துக்கிட்டு வர்றேன்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

ஞாயிற்றுக்கிழமை ரம்பத்தோடு போனோம். மரத்தின் இடுப்பில் மஞ்சள் துணி! அடியில் குங்குமம் வைத்த ஒரு கல், எலுமிச்சை குத்திய சூலம். அக்கா கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்.

"நேத்து கனவுல அம்மன் வந்தா. இந்த மரத்துலதான் இருக்காளாம்."

தலைவர் கையிலிருந்த ரம்பம் தானாகக் கீழே இறங்கியது. காலிலிருந்த செருப்பும் கழன்றது. எங்கள் ஊரில் எந்த உத்தரவுக்கும் மேல்முறையீடு உண்டு, மஞ்சள் துணிக்கு மட்டும் கிடையாது. "தாயே, மன்னிச்சிரு" என்று தலைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மோரிஸ்கூடக் காரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினார். அக்கா ஜெயித்துவிட்டதாக ஊரே பேசிக்கொண்டது. அக்காவும் அப்படித்தான் நினைத்தார், பாவம்.

அடுத்த வாரமே ஆலயத் திருப்பணிக் குழு உதயமானது. தலைவர் தர்மலிங்கம், செயலாளர் அடியேன், பொருளாளர் மோரிஸ். அவர் கத்தோலிக்கர்தான். ஆனால் பொருளாளர் பதவி மதம் பார்ப்பதில்லை.

முதல் கூட்டத்திலேயே தலைவர் உருகினார். "நம்மல்லாம் வீட்டுல ஏர்கான் போட்டுத் தூங்குறோம். அம்மன் வெயில்லயும் மழையிலயும் நிக்கிறா. மனசு கேக்குதா உங்களுக்கு? ஒரு தகரக் கூரை போட்டுருவோம்."

"அதான் மரம் நெழலு குடுக்குதேண்ணே," என்றார் அக்கா.

"மரத்துல எல கொட்டுதும்மா! அம்மன் தலையில குப்பை விழலாமா?"

"சரி, மரம் நிக்கிற எடத்துல கூரைய எப்படிப் போடுவீங்க?"

தலைவர் மிகுந்த அடக்கத்தோடு ரம்பத்தை எடுத்தார்.

"ஐயோ! மரத்துலதான் அம்மன் இருக்கான்னு நீங்களே கன்னத்துல போட்டுக்கிட்டீங்களே!"

"இருந்தா, இல்லங்கல. இப்ப கல்லுல குடியேத்தியாச்சுலா. வீடு மாறுனப்புறம் பழைய வீடு எதுக்கு?"

பூசை போட்டு, தேங்காய் உடைத்து, முறைப்படி மரம் 'ஒழுங்கு'பட்டது. அடியோடு வெட்டிவிட நாங்கள் என்ன கல்நெஞ்சக்காரர்களா? நாற்காலி உயரத்துக்கு விட்டுவைத்தோம். அக்கா ஆர்க்கிட்டுகளை அவிழ்த்துக்கொண்டுபோய் ஜன்னல் கம்பியில் கட்டிப் பார்த்தார். மேற்கு வெயில் நேரே அடித்தது. இலைகள் வெளிறி, சுருங்கி, ஒவ்வொன்றாகக் கருகின. அக்கா வாசலில் நின்று வாய்விட்டு அழுதார். அவர் மனம் ஆறட்டும் என்று ஆலயத்துக்குப் பிளாஸ்டிக் ஆர்க்கிட் மாலை வாங்கிச் சாத்தினோம். அது தண்ணீரும் கேட்காது, நிழலும் கேட்காது.

கும்பாபிஷேகம் வெகு சிறப்பு. தகரத்தின் அனல் தாங்காமல் அம்மனுக்கு மின்விசிறி ஒன்று உபயமாக வந்தது. பாலிங்கிலிருந்து வந்த குருக்கள் கும்பத்தருகே உட்கார்ந்து, "ஒரு கொத்து வேப்பிலை கொண்டாங்கோ" என்றார். தாமான் முழுக்கத் தேடியும் ஓர் இணுக்கு அகப்படவில்லை. மோரிஸ் காரை எடுத்துக்கொண்டு வேப்பிலைக்காகக் குருண் பக்கம் பறந்தார்.

வியர்வையைத் துடைத்துக்கொண்டு காத்திருந்த குருக்கள், பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்தார். "வேப்பமரத்தம்மன்னு போட்டிருக்கேள். மரம் எங்கே?"

தலைவர் முன்வரிசையில் பொன்னாடையும் மாலையுமாக அமர்ந்து, எதுவும் காதில் விழாதவர்போல் புன்னகைத்துக்கொண்டிருந்தார்.

லோகேஸ்வரி அக்காதான் கையை நீட்டிக் காட்டினார்.

"அங்கதான் சாமி இருக்கு. எங்க தலைவர் அது மேலதான் உக்காந்திருக்காரு."