கள்ளிவேலி தாண்டிய நாற்பத்தொரு குருவிகள்

ஆகஸ்ட் 19, காலை ஆறு மணி இருபது நிமிடம். வேலி தாண்டிய குருவிகள் நாற்பத்தொன்று.

மரியாதைக்குரிய பெஷீர் மாமாவுக்கு, தங்கை மகன் ஹாத்தெமின் சலாம். உங்கள் முழங்காலும் ஆலிவ் தோப்பும் நலமாயிருக்க துஆ செய்கிறேன். மரியாதை முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் சப்பாத்திக்கள்ளி வேலியில் பஞ்சுபோல் அப்பியிருப்பது பூச்சி. நசுக்கினால் சிவப்பாக வருவது அதன் சாறு, செய்வினை ரத்தம் இல்லை. கண்ணேறு கழிய நீங்கள் கட்டித் தொங்கவிட்ட மீன்வாலால் ஊர்ப் பூனைகளுக்குத்தான் லாபம். அதோடு விட்டீர்களா? காப்பிக்கடையில் எல்லார் முன்னாலும், "பூச்சிய ஏவிவிட்டது பக்கத்து நிலத்து லரூசிதான். அவன் மன்னிப்புக் கேக்காம அவன் மக நிச்சயத்துக்கு வந்து பாத்திஹா ஓத மாட்டேன்"னு சொல்லிட்டீங்க. அந்த மகள் நெஸ்ரினைக் கட்டப்போறவன் நான். அப்பா இல்லாத வீடு, நீங்க வராம அம்மா வாசல்படி தாண்ட மாட்டாங்க. வெள்ளிக்கிழமை நிச்சயம்.

அதனால்தான் பயிர்ப் பாதுகாப்புப் படித்தவன் என்ற முறையில் விடிகாலையில் போய் உட்கார்ந்து எண்ணினேன். பூச்சியின் குஞ்சு தூசி மாதிரி இருக்கும், பழம் கொத்த வரும் குருவியின் காலிலும் இறகிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த வேலிக்குப் போய்விடும். உங்கள் வேலியிலிருந்து அவர் வேலிக்குப் போனவை இருபத்தொன்பது, அங்கிருந்து வந்தவை பன்னிரண்டு. கணக்குப்படி மன்னிப்புக் கேட்க வேண்டியவர் நீங்கள்தான். நேற்று குருவியைப் பற்றி வாயெடுத்ததற்கே, "குருவிக்கு வாயில்லன்னு அதுமேல பழி போடுறியா? மாமனாருக்கு இப்பவே ஜால்ரா!" என்றீர்கள். போன வருஷம் வேலிக்கு அந்தப் பக்கம் நாலு கள்ளிக்கன்று முளைச்சதும், "எங்கப்பா நட்டது, எல்லை அதுவரைக்கும்"னு கயிறு கட்டி அளந்தீங்களே, அதுவும் குருவி தின்ன பழத்தோட விதைதான், எச்சத்தோட விழுந்தது. மசூதிக் கூரையில அத்தி முளைச்சிருக்கே, அதையும் தாத்தாதான் ஏறி நட்டாரா? லரூசி கேட்கிறார்: "குருவி செடி கொண்டு வந்தா பெஷீரோட பரம்பரைச் சொத்து, பூச்சி கொண்டு வந்தா மட்டும் என் வேலையா?"

மாமிக்கு என் சலாம். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளும் குறுகிய கோபமும் தரட்டும்.

ஹாத்தெம்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து நெஸ்ரின் கத்தினாள். "உன் சட்டையக் கொஞ்சம் பாரு!" சட்டையின் இரண்டு கையிலும் அதே பூச்சியின் வெள்ளைத் தூள். ஒரு வாரமாகப் பரிசோதனை என்று இரண்டு வேலியிலும் மாறி மாறிப் புகுந்து வந்தவன் நான்தான். "குருவியாவது கால்ல கொண்டு வருது, நீ மூட்டையாக் கொண்டு வந்திருக்க" என்கிறாள். மேலே உள்ள கணக்கைக் கிழித்துவிடுங்கள். இனி செய்யப்போவது:

1. சட்டையைக் கொதிக்கிற தண்ணீரில் முக்குவேன்.
2. லரூசியிடம் போய்த் திட்டு வாங்குவேன்.
3. வெள்ளிக்கிழமை வண்டியோடு உங்கள் வாசலில் நிற்பேன். வழியெல்லாம் நீங்கள் திட்டலாம், அங்கே போனதும் லரூசியும் சேர்ந்துகொள்வார்.