ஊர் காலியான நாளில் மாணவியர் சேர்க்கை

உங்களுக்கு நல்ல குரல் என்று மேலதிகாரி பாராட்டினால், உடனே தொண்டை கட்டிவிட்டதாக நடித்துவிடுவது உத்தமம். பாராட்டுக்குப் பின்னால் ஒரு வேலை நின்றுகொண்டிருக்கும். இருபத்து மூன்று வயதில் எனக்கு இது தெரியாது. வெட்கப்பட்டுச் சிரித்துத் தொலைத்தேன்.

எழுபதுகளின் நடுவில் ஜவ்வாது மலை அடிவாரத்து ஊர் ஒன்றில் புதிதாகப் பெண்கள் கல்லூரி ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். கல்லூரி என்றதும் தூண், தோட்டம், மணிக்கூண்டு என்றெல்லாம் நினைக்க வேண்டாம். அது ஒரு பழைய கடலைக்காய் மண்டி. முன்னால் பெயர்ப்பலகை, பின்னால் எலி. முதல் வருஷம் பட்டப் படிப்புக்கு முந்தைய பி.யூ.சி. மட்டும் நடக்கும், பிறகு வருஷத்துக்கு ஒரு வகுப்பாகக் கூட்டிக்கொண்டே போய் பி.ஏ. வரை வந்துவிடலாம் என்பது திட்டம். இரண்டாம் வருஷமே திட்டம் படுத்துவிட்டது. சேர வேண்டிய பெண்களில் பாதிப் பேருக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. (பத்திரிகை வைக்க வந்தபோதுதான் எங்களுக்கே தெரியும்.) பல்கலைக்கழகத்திலிருந்து குழு வரப்போகிறது, அதற்குள் இன்னும் பன்னிரண்டு பெண்களாவது சேராவிட்டால் பட்ட வகுப்புக்கு அனுமதி கிடைக்காது என்றார்கள். அனுமதி இல்லையென்றால் கல்லூரிக்கு மூடுவிழா. எனக்கும்தான். நான் அங்கே தற்காலிகத் தமிழ் விரிவுரையாளர். அப்பா இல்லாத வீட்டில் அந்த ஒரு வேலைதான் இருந்தது.

"உங்க குரலுக்கு மைக்கே வேணாம். மலைக்குப் போய் நாலு ஊர்ல பேசிட்டு வாங்க" என்றார் முதல்வர் அம்மா. மைக்கே வேண்டாம் என்றவர், கையில் ஒரு தகரக் கூம்பையும் கொடுத்தார். டூரிங் டாக்கீஸ்காரர்கள் தெருத் தெருவாகப் படத்தின் பெயரைக் கத்துவார்களே, அந்தக் கூம்பு. அதில் "வா" என்று சொன்னால், கேட்கிறவர் காதில் நாலைந்து பேர் சேர்ந்து கூப்பிடுவது போல விழும்.

திருப்பத்தூரிலிருந்து புதூர்நாடு வரை ஜீப். பலாப்பழத்துக்கும் புளி மூட்டைக்கும் நடுவில் என்னையும் ஒரு மூட்டையாக அடுக்கினார்கள். கொண்டை அவிழ்ந்தது. கல்லூரிக்காக வாங்கிய வெள்ளைப் புடவையில் பலாப்பால் ஒட்டிக்கொண்டது. புதூர்நாட்டைத் தாண்டி ஒரு ஒற்றையடிப் பாதை பிரியும் இடத்தில் ஜீப் ஓட்டுநர் என்னை இறக்கிவிட்டு ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"இன்னிக்கா மேடம் போறீங்க அந்த ஊருக்கு?"

"ஏன், இன்னைக்கு என்ன?"

"இன்னிக்கி யாரும் போவ மாட்டாங்களே."

"அப்ப நான் போறதுதான் நல்லது" என்றேன். வேறு கல்லூரிக்காரர்கள் யாரும் எனக்கு முன்னால் போகவில்லை என்று சொல்கிறாராக்கும் என்பது என் கணிப்பு. (எம்.ஏ. படித்தவளின் கணிப்பு அப்படித்தான் இருக்கும்.) அவர் வண்டியைக் கிளப்பினார்.

ஊர் எல்லையில் பாதைக்குக் குறுக்கே இலந்தை முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள். ஆடு உள்ளே வராமலிருக்க என்று நானே முடிவுகட்டி, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டினேன்.

கிராமம் என்றால் அமைதி என்று பட்டணத்துக்காரர்கள் சொல்வார்கள். பொய். எந்தக் கிராமத்திலும் ஒரு கோழியாவது எதையாவது குறை சொல்லிக்கொண்டே இருக்கும். இந்த ஊரில் கோழி இல்லை. நாய் இல்லை. ஆடு இல்லை. கூரை வீடுகள் வரிசையாக இருந்தன, எல்லாக் கதவும் அகலத் திறந்து கிடந்தன, ஒருவரும் இல்லை. நடுப்பகலில் வீட்டுக்கு வீடு விளக்கு எரிந்தது. வாசற்படியை ஒட்டி உள்பக்கம் சாம்பலைச் சலித்துப் பரப்பியிருந்தார்கள்.

"வீட்டுல யாருங்க?" என்று கேட்டுக்கொண்டே, செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு வீடாக நுழைந்தேன். எனக்கு மரியாதை தெரியும் பாருங்கள். அடுப்புகள் அணைந்திருந்தன. தண்ணீர்க் குடங்கள் நிறைந்திருந்தன. ஒரு வீட்டில் தூளி தொங்கியது. உள்ளே குழந்தை இல்லை. ஆனால் தூளி மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. காற்று என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்து பார்த்தேன். வாசலில் நின்ற வாழையில் ஓர் இலைகூட அசையவில்லை.

அப்போதுதான் அது கேட்டது. தொம். தொம். தொம். கடைசி வீட்டில் யாரோ சாமை குத்துகிறார்கள். அப்பாடா, ஒரு மனுஷியாவது இருக்கிறாளே என்று ஓடினேன். வாசலை மிதித்ததும் சத்தம் நின்றுவிட்டது. உள்ளே கல்லுரல் இருந்தது, உலக்கை சுவரில் சாய்ந்திருந்தது, ஆள் இல்லை. பின்பக்கம் வழியும் இல்லை. உரலுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். காலிதான். ஆனால் கல் சூடாக இருந்தது.

அந்த நிமிஷமே திரும்பி ஓடியிருக்க வேண்டும். ஓட நினைத்தேன், மூட்டம் விடவில்லை. மலையில் மூட்டம் சொல்லிக்கொண்டு வராது. ஒரு தூறல் போட்டது, அவ்வளவுதான், எதிர்வீடு காணாமல் போனது, பிறகு என் காலே காணாமல் போனது. தட்டுத்தடுமாறி ஒரு பலா மரத்தடியில் உட்கார்ந்தேன். பயத்தைப் போக்க வாயில் வந்த செய்யுளை எல்லாம் ஒப்பித்தேன். எதிரே வெள்ளையாக இருந்த ஒன்று நான் நிறுத்தும்போதெல்லாம் கொஞ்சம் நெருங்கி வந்ததாகத் தோன்றியது. அதனால் நிறுத்தாமல் ஒப்பித்தேன். இலக்கண நூற்பாக்கள்கூட தீர்ந்துவிட்டன.

பொழுது சாயும் நேரத்தில், முள் கிடந்த பக்கத்திலிருந்து ஓர் ஆண் குரல் வந்தது.

"உள்ள யாராச்சும் இருக்கீங்களா?"

மூட்டத்தில் கூம்பைத் தேடித் துழாவினேன். குரல் மறுபடி கேட்டது. மூன்றாம் முறையும் கேட்டது. கூம்பை வாயில் வைத்து, பகலெல்லாம் அடக்கி வைத்த மூச்சையெல்லாம் திரட்டி, "இருக்கேன்!" என்றேன்.

அந்தப் பக்கம் சட்டென்று அடங்கிப் போனது. மரியாதையாகக் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மனிதர்களைக் கண்ட சந்தோஷத்தில் (கண்டேன் என்று சொல்ல முடியாது, மூட்டத்தில் ஒருவரும் தெரியவில்லை) மனப்பாடம் செய்து வைத்திருந்த பேச்சை அங்கேயே அவிழ்த்துவிட்டேன்.

"பெரியோர்களே! தாய்மார்களே! உங்கள் பெண்களை அழைத்துப் போக வந்திருக்கிறேன்!"

யாரோ ஒரு பெண் அலறினாள்.

"பயப்பட வேண்டாம்! பன்னிரண்டு பேர் கிடைத்தால் போதும்!"

பாத்திரம் உருண்டது. ஆடுகள் கத்தின. குழந்தைகள் அழுதன. மக்களின் ஆர்வத்தைக் கண்டு என் குரல் இன்னும் உயர்ந்தது.

"கல்யாணம் ஆனவர்கள் வேண்டாம்! சாப்பாடு நானே போடுவேன்! விடுதி வசதி உண்டு! பண்டிகைக்குப் பத்திரமாகத் திருப்பி அனுப்பிவிடுவேன்!"

விடுதியா? எங்களிடம் கழிப்பறையே ஒன்றுதான் இருந்தது. மேடை ஏறிவிட்டால் எனக்கு வாய் நிற்காது. இப்போது மேடைகூட இல்லாமலே நிற்கவில்லை. கூச்சல் ஓய்ந்தபோது, மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு இளம்பெண்ணின் குரல் நடுங்கிக்கொண்டு வந்தது.

"தாயே, நான் வர்றேன். மத்தவங்கள வுட்டுடு."

"பெயர் என்ன?" என்றேன் கூம்பில்.

"மங்கா."

"எஸ்.எஸ்.எல்.சி. தேறியாயிற்றா?"

"தேறிட்டேன் தாயே."

பிறகு முதலில் கேட்ட ஆண் குரல், சந்தேகத்தோடு, யாரிடமோ சொன்னது: "சாமி இன்னாத்துக்குடா எஸ்.எஸ்.எல்.சி. கேக்குது?"

தீப்பந்தத்தோடு வந்தார்கள். அவர்கள் கண்ட காட்சி இது: அவிழ்ந்த தலை, ஈரமான வெள்ளைப் புடவை, நெற்றியிலிருந்து மூக்கு வரை வழிந்த குங்குமம், வாயில் தகரம். நான் சாமி இல்லை என்று தெரிந்த பிறகும் ஒரு அம்மாள் மயங்கி விழுந்தார்.

விஷயத்தை ஊர்க்கவுண்டர்தான் சொன்னார். மூன்று முறை கேட்ட குரல் அவருடையது. வருஷத்தில் ஒரு நாள், விடியும் முன்பே ஆடு, கோழி, நாய், கைக்குழந்தை உட்பட ஊரே காட்டுக்குப் போய்விடும். விளக்கேற்றி, கதவைத் திறந்துவைத்து, எல்லையில் முள் போட்டுவிடுவார்கள். அன்று பகல் முழுக்க ஊர் அம்மனுக்கு. அவள் வீடு வீடாக நடந்து பார்ப்பாளாம், அவள் அடி தெரியத்தான் சாம்பல். சாயங்காலம் ஊர்க்கவுண்டர் முள்ளுக்கு வெளியே நின்று மூன்று முறை கேட்பார். பதில் வராது. வந்ததே கிடையாது. அவருடைய அப்பனும் பாட்டனும் கேட்டு, பதில் வராமல்தான் உள்ளே வந்திருக்கிறார்கள்.

"இந்த வருசம் வந்துச்சு" என்றார் கவுண்டர். கொஞ்ச நேரம் என் வெறுங்காலையே பார்த்தார். "ஒரு வூடு பாக்கியில்லாம அடி பட்டிருக்கு."

பிழைத்துப் போகட்டும் என்று என்மேல் இரக்கப்படுவார்களோ என்று, கடைசி வீட்டில் உலக்கைச் சத்தம் கேட்டதையும் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"கடைசி வூட்லயா? அங்க ரெண்டு வருசமா ஆரும் குடியில்லியே." அப்புறம் நிம்மதியாகத் தலையாட்டினார். "அப்ப அவ வந்துட்டுதான் போயிருக்கா. வந்தது சரி. நீங்க இருந்ததுதான் தப்பு. வர்ற வெள்ளிக்கிழம மறுபடியும் ஊர் வுடணும், நீங்களும் கூட வரணும்."

அவருக்கு நிம்மதி. எனக்கு முதுகுத்தண்டில் இறங்கிய குளிர் அன்றிரவு மூன்று கம்பளிக்கும் அடங்கவில்லை.

மங்காவின் அப்பா சண்டைக்கு வந்தார். மகள் திருப்பத்தூரில் தங்கிப் பதினொன்றாம் வகுப்பு வரை படித்ததே அதிகம் என்று வீட்டோடு நிறுத்தி, மாமன் மகனுக்குப் பேசி முடித்திருந்தார். "கேட்டது சாமியே இல்ல. அப்புறம் இன்னா வாக்கு?" என்றார். கவுண்டர் அசையவில்லை. "முள்ளுக்கு வெளிய நின்னு, ஊரு காதுல வுழச் சொன்னது. கேட்டது ஆரா இருந்தா இன்னா? சொன்னது சொன்னதுதான். டீச்சரம்மாவுக்கும் அதேதான். சோறு போடுறன்னாங்க, தங்க எடம் குடுக்குறன்னாங்க. போடட்டும், குடுக்கட்டும்."

இப்படியாக இல்லாத விடுதிக்கு ஒரு மாணவி சேர்ந்தாள். விடுதி எங்கள் வீட்டு முன்னறை. அடுத்த வெள்ளிக்கிழமை காட்டில் ஆடுகளோடு உட்கார்ந்திருந்தபோது, அம்மன் உயிரோடு விட்ட பொம்பளையைப் பார்க்க அக்கம்பக்கத்து ஊர்ப் பெண்கள் எல்லாம் வந்தார்கள். கூம்பு இல்லாமல், பேச்சு இல்லாமல், சாமைச் சோறு தின்றுகொண்டே சும்மா பேசியதில் இன்னும் சிலர் வர ஒப்புக்கொண்டார்கள். மீதிப் பேரை அடிவாரத்தில் தேற்றினோம். குழு வந்தது, எலியைப் பார்க்காமல் போனது, பட்ட வகுப்பு கிடைத்தது.

கல்லூரி வளர்ந்ததை மற்றவர்கள் ஆண்டு மலரில் படிப்பார்கள். நான் எங்கள் வீட்டுப் பாயில் பார்த்தேன். பி.ஏ. முதலாண்டு வந்தபோது முன்னறை நிறைந்தது. இரண்டாமாண்டில் கூடம். மூன்றாமாண்டில் அம்மா அடுக்களையில் கால் நீட்டக்கூட இடமில்லாமல் உட்கார்ந்தபடி தூங்கினாள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்துவிட்டு, இந்த வீட்டில் இத்தனை பெண்களா என்று திரும்பிப் போனார்கள். திரும்பிப் போகாத ஒருவர்தான் என் கணவர். இந்தக் கதை அவர் கையில் கிடைத்ததிலிருந்து, நான் வீட்டில் குரலை உயர்த்தினால் போதும், அவரும் பிள்ளைகளும் கைகூப்பி வரிசையில் நின்று, "எத்தன பேரு வேணும் தாயே?" என்பார்கள். விருந்தாளிகள் முன்னாலும் செய்வார்கள்.

எண்பதுகளில் மண்டியை விட்டுச் சொந்தக் கட்டடத்துக்குப் போனோம். ஒருவழியாக நிஜ விடுதியும் கட்டினார்கள். மங்கா அப்போது மலைமேல் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. வருஷா வருஷம் ஜூன் மாதத்தில் அவளே பெண்களைக் கூட்டிக்கொண்டு இறங்குவாள். விடுதி திறப்பு விழா முடிந்து, இருவரும் புதுச் சுண்ணாம்பு வாசனைக்கு நடுவில் காபி குடித்துக்கொண்டிருந்தோம். ஊரைக் காப்பாற்றத் தன்னையே கொடுத்த பெண் என்று அவளைப் பற்றி மேடையில் அப்போதுதான் உருக்கமாகப் பேசிவிட்டு இறங்கியிருந்தேன்.

"ஏன் மங்கா, அன்னைக்கு நெஜமாவே சாமின்னு நெனச்சுட்டியா?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எந்தச் சாமி மேடம் 'விடுதி வசதி உண்டு'ன்னு சொல்லும்? பன்னெண்டு பேருன்னதும் எல்லாரும் காத மூடிக்கிட்டு குப்புற வுழுந்துட்டாங்க. நான் மட்டும் நின்னு மிச்சத்தக் கேட்டேன். காலேஜ்ல இருந்து ஆரோ வந்துருக்காங்கன்னு தெரிஞ்சிபோச்சு. அந்த எடத்துல வாக்கு குடுத்துட்டா எங்கப்பாவால ஒண்ணும் பண்ண முடியாதுன்னும் தெரியும். அதான் தாயேன்னு ஒண்ணு சேத்துக்கினேன்."

மேடைப் பேச்சு எழுதிய தாளை மடித்துக் கைப்பைக்குள் திணித்தேன். கடைசியில், "அப்புறம் குரல் ஏன் அப்படி நடுங்கிச்சு? அதுவும் நடிப்பா?" என்றேன்.

"இல்ல மேடம். அது நெசம்" என்றாள் மங்கா. "நீங்க வேணான்னு சொல்லிடுவீங்களோன்னு."