அவுட்பாக்ஸில் ஒரு ராஜினாமா

மெயில் போகவில்லை. பொத்தானை அழுத்தியதும் சமர்த்தாக அவுட்பாக்ஸில் போய் உட்கார்ந்துகொண்டது. அங்கிருந்து நகர்வேனா என்றது.

கம்ப்யூட்டரை முறைத்துக்கொண்டிருந்தவருக்கு அலுவலகத்தில் 'திருத்தம்' என்று பெயர். தண்ணீர் பம்ப் தயாரிக்கும் கம்பெனியில் கொள்முதல் பிரிவு சூப்பர்வைசர். யார் எழுதிய கடிதம் கையில் சிக்கினாலும் சிவப்புப் பேனாவை எடுத்துவிடுவார். தனக்கு வந்த பிறந்தநாள் வாழ்த்து அட்டையையே பிழை திருத்தித் திருப்பிக் கொடுத்தவர். உலகத்தில் தப்பே செய்யாத ஆள் தான் ஒருவர்தான் என்பது அவருடைய தீர்மானம். மற்றவர்கள் அதை ஒப்புக்கொள்ளாதது மற்றவர்கள் செய்யும் தப்பு.

அப்பேர்ப்பட்டவரைப் பார்த்து முந்தின நாள் மேனேஜர், பிரிவே கேட்கும்படி, "இனிமே லெட்டர் அனுப்புறதுக்கு முன்னாடி டைப்பிஸ்ட்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க" என்று சொல்லிவிட்டார்.

விடுவாரா திருத்தம். காலையில் லீவு போட்டார். ராஜினாமாவை எழுதினார். அதைப் படித்ததும் அலுவலகமே பதறிப்போய்ப் போன் போட்டுக் கெஞ்சும், எடுக்கக் கூடாது என்று கைப்பேசியை முன்கூட்டியே அணைத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். எல்லாம் ஆயிற்று. மெயில் மட்டும் போகவில்லை.

"நெட் வரலையா?" என்று எட்டிப் பார்த்தாள் மனைவி. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வழியாகக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள். "சாயங்காலம் எனக்கு கிளாஸ் இருக்குங்க."

"நான் பாத்துக்கறேன்."

"அவசரம்னா என் போன்ல நெட் இருக்கு. அதைப் போட்டு அனுப்பிடுங்களேன்."

"இது என்ன, உங்க அக்காவுக்கு அனுப்புற குட்மார்னிங்கா? ஆபீஸ் மெயில். அதுக்குன்னு ஒரு முறை இருக்கு."

முறைப்படி மோடத்தை அணைத்துப் போட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி அணைத்துப் போட்டார். மறுபடியும் சிவப்பு. இடைப்பட்ட நேரத்தில் சும்மா இருக்க முடியாமல் ராஜினாமாவைத் திறந்து படித்தார். 'சொந்தக் காரணங்களால் விலகுகிறேன்' என்பது சப்பென்று இருந்தது. 'சிலரின் அறியாமை காரணமாக விலகுகிறேன்' என்று மாற்றி இன்னொரு மெயிலாக அனுப்பினார். அதுவும் போய் முதல் மெயிலின் பக்கத்தில் உட்கார்ந்தது.

மோடத்தின் முதுகில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருந்தது. துளை என்று ஒன்று இருந்தால் குத்துவதற்குத்தானே. மனைவியிடம் ஒரு ஊக்கு வாங்கிக் குத்தினார். எல்லா விளக்கும் அணைந்து, எல்லாம் எரிந்து, பிறகு எதுவும் எரியவில்லை. வீட்டு வைஃபையின் பெயரே பட்டியலிலிருந்து காணாமல் போனது.

"என்னங்க ஆச்சு?"

"சுத்தப்படுத்தியிருக்கேன்."

வேறு வழியில்லாமல் மனைவியின் போனிலிருந்து நெட் கம்பெனிக்கு அடித்தார். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று ஆட்டி வைத்துவிட்டுக் கடைசியில் ஒரு பெண் வந்தாள்.

"உங்க தெருவுல கேபிள் வேலை நடக்குது சார். மத்தியானத்துக்குள்ள தானா வந்துடும். நீங்க மோடத்தைத் தொடாம இருந்தா போதும்."

திருத்தம் கையிலிருந்த ஊக்கைப் பார்த்தார்.

"தொட்டிருந்தா?"

"எவ்வளவு தொட்டீங்க சார்?"

சொன்னார். பிறகு அவள், "ஆள் வந்துதான் செட் பண்ணணும். ரெண்டு நாள்ல வந்துருவாங்க" என்றாள்.

"வந்துருவாங்க இல்லம்மா. வந்துவிடுவார்கள். ஒரு நிறுவனத்தோட சார்பா பேசுறப்ப..."

போன் துண்டிக்கப்பட்டது.

அந்தக் கோபத்தையும் ராஜினாமாவின் தலையிலேயே இறக்கினார். மூன்றாவது மெயில் பிறந்தது. 'மேனேஜர் நாற்காலிக்கு இப்படி ஒரு மூளையற்றவரைத் தேடிப் பிடித்த தலைமை அலுவலகத்தின் கூரிய பார்வையைப் பாராட்டுகிறேன்.' எழுதியதைப் படித்துவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார். இவ்வளவு நல்ல வாக்கியம் ஒருவரோடு முடிந்துவிடலாமா? தலைமை அலுவலகத்தையும் அலுவலகத்தின் மொத்த ஊழியர்களையும் முகவரியில் சேர்த்தார்.

மத்தியானம் எதிர்வீட்டில் டி.வி. பாட ஆரம்பித்தது. தெருவுக்கே நெட் வந்துவிட்டது, இவருடைய வீட்டைத் தவிர. மனைவி யாரையும் கேட்காமல் தன் தம்பியை வரவழைத்தாள்.

மச்சினன் கைப்பேசிக் கடை வைத்திருப்பவன். கைப்பேசி உறை விற்பதில் கெட்டிக்காரன். கம்ப்யூட்டரைப் பற்றி அவனுக்கும் திருத்தத்துக்கும் ஒரே அளவு தெரியும். அவன் அதைச் சத்தமாகச் சொல்வான், அவ்வளவுதான்.

"வைரஸைத் தடுக்க ஒண்ணு போட்டிருக்கீங்க பாருங்க மாமா, அதுதான் மெயிலையும் தடுக்குது" என்று அதைத் தூக்கினான். நெட் வரவில்லை. "செட்டிங்ஸ்ல கோளாறு" என்று உள்ளே போனான். திரும்பி வரும்போது திரையில் இருந்த எழுத்தெல்லாம் யாருக்கும் தெரியாத மொழியில் இருந்தன.

"இது என்ன மொழிடா?"

"எதுவா இருந்தா என்ன மாமா, படம் பாத்தே கண்டுபிடிச்சுடுவேன்."

படம் பார்த்து ஒன்றை அமுக்கினான். பிரின்டர் தன் பாட்டுக்கு வெற்றுத் தாள்களைத் துப்பத் தொடங்கியது. அதை நிறுத்தத் தேடிய இடத்தில் அவுட்பாக்ஸ் திறந்துகொண்டது. மச்சினனுக்கு எதையும் வாய்விட்டுத்தான் படிக்க வரும்.

"'இப்படி ஒரு மூளையற்றவரைத் தேடிப் பிடித்த...' அக்கா, மாமா வேலையை விடுறார்."

அடுப்படியிலிருந்து மனைவி கரண்டியோடு வந்தாள். மூன்றையும் நின்றபடி படித்தாள். அழவில்லை, கத்தவில்லை.

"வேலையை விட்டுட்டு என்ன செய்யப் போறீங்க?"

"வீட்ல இருக்கப் போறேன்."

"நாள் பூரா?"

"நாள் பூரா."

அவள் முகம் அப்போதுதான் வெளிறியது. துப்பிக்கொண்டிருந்த பிரின்டரையும் செத்துக் கிடந்த மோடத்தையும் தம்பியையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "ஒரு நாள்லயே இந்தக் கதி. வேணாங்க. நேத்து ராத்திரி பூரா புலம்பினீங்களே, அந்த மேனேஜர் என்ன வேணா சொல்லிட்டுப் போகட்டும். நான் வேணா டைப்பிஸ்ட்கிட்ட வந்து பேசுறேன்."

உண்மையைச் சொல்வதென்றால் திருத்தத்துக்கும் காலையில் இருந்த சூடு இப்போது இல்லை. வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தார். தன் மேசை, சிவப்புப் பேனா, தன்னைப் பார்த்ததும் எழுந்து டீ குடிக்கப் போய்விடும் சகாக்கள் என்று எல்லாம் கண்ணுக்குள் வந்தன. மூன்றையும் அழித்துவிட்டால் ஒருத்தருக்கும் தெரியப் போவதில்லை. கை மெல்ல மவுஸை நோக்கிப் போனது.

"ஆமா மாமா, விட்டுடுங்க" என்றான் மச்சினன். "எழுதுறது வேற, அனுப்புறது வேற. அதுக்கெல்லாம் ஒரு தைரியம் வேணும்."

மவுஸை நோக்கிப் போன கை நடுவழியில் நின்றது.

"உன் போன்ல நெட் இருக்காடா?"

"இருக்கு."

"போடு."

"வேண்டாங்க" என்றாள் மனைவி.

"நீதானே காலையில சொன்னே?"

மச்சினன் தன் போனிலிருந்து நெட்டைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தான். நாள் முழுக்க நகராமல் கிடந்த மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பிப் போயின. அவுட்பாக்ஸ் காலியானது. உள்ளே வந்து விழும் மெயில்களைத் திருத்தம் திரும்பியும் பார்க்கவில்லை. இனி அவை யாருடைய வேலையோ. நாற்காலியில் சாய்ந்து, தலைக்குப் பின்னால் கையைக் கோத்துக்கொண்டார். மேனேஜரின் முகம் எப்படிப் போயிருக்கும் என்று நினைக்க நினைக்க இனித்தது.

மனைவியின் போன் அடித்தது. எடுத்துக் கேட்டாள். "உங்க ஆபீஸ் ரிசப்ஷன்ல இருக்கிற பொண்ணு."

"பாத்தியா, கெஞ்ச ஆரம்பிச்சாச்சு" என்று மச்சினனைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். "சொல்லும்மா. என் முடிவுல மாத்தமே கிடையாது."

"இல்ல சார், பழைய மேனேஜரை வேற கிளைக்கு மாத்திட்டு உங்களை அந்த சீட்ல போட்டிருக்கிறதா காலையிலயே ஹெட் ஆபீஸ்லேருந்து எல்லாருக்கும் மெயில் வந்துச்சு" என்றாள் அவள், "வாழ்த்து சொல்லலாம்னு உங்க போனுக்கு அடிச்சுக்கிட்டே இருந்தோம், அதுக்குள்ள உங்க பதில் வந்துடுச்சு."